பூவுக்கு முன் பொழுது

சென்னை அடுக்குமாடி வீடுகளின் வரவேற்பறைகளில் அடிக்கடி கண்ணில் படும் செடி ஒன்று உண்டு. அகன்று தடித்த கரும்பச்சை இலைகள் நான்கைந்து இருபுறமும் விரிந்து கிடக்கும். தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெள்ளி நிற வேர்கள் காற்றில் நீண்டிருக்கும். பூச்சி இல்லை, அழுகல் இல்லை, வாட்டம் இல்லை. புதுமனைப் புகுவிழாவுக்கோ பிறந்தநாளுக்கோ யாரோ கொடுத்தது. வரும்போது வளைந்த தண்டில் வரிசையாகப் பூக்களோடு வந்தது. இரண்டரை மாதம், மூன்று மாதம் அப்படியே நின்றது. பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அதன்பின் இலைதான். ஆண்டுகள் போகின்றன, இலை கூடுகிறது, வேர் கூடுகிறது, பூவைக் காணோம். வீட்டுக்காரர்கள் கேட்பது எங்கும் ஒரே கேள்வி: "செடி நல்லாத்தானே இருக்கு, ஏன் பூக்க மாட்டேங்குது?"

நலமாக இருப்பது பூத்தே தீரும், பூக்காவிட்டால் எங்கோ குறை இருக்கிறது என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதனால்தான் கேட்டவர்கள் உடனே குறை தேடப் புறப்படுகிறார்கள். உரத்தை மாற்றுகிறார்கள், தொட்டியை மாற்றுகிறார்கள், தண்ணீரைக் கூட்டிக் குறைக்கிறார்கள். ஃபெலனாப்சிஸ் என்ற இந்த ஆர்க்கிட் அந்த எண்ணத்துக்குக் கட்டுப்படுவதில்லை. குறை ஏதும் இல்லாமலேயே அது ஆயுள் முழுக்கப் பூக்காமல் இருக்க முடியும். நன்றாக இருப்பதும் பூப்பதும் அதற்கு இரண்டு தனித்தனிக் காரியங்கள். பல ஆண்டுகளாக நான் இந்தச் செடிகளோடு வாழ்ந்து வருவதற்கு, பூவின் அழகைவிட, இந்த உண்மைதான் பெரிய காரணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செடியோடு வந்த அந்தப் பூக்கள் நம் வீட்டில் உண்டானவை அல்ல. மொட்டு வைக்கும் முடிவைச் செடி வேறெங்கோ, மாதங்களுக்கு முன்பே எடுத்துவிட்டது. திசு வளர்ப்புக் குடுவையிலிருந்து வெளியே எடுத்த கன்றைப் பண்ணைகளில் நெடுநாள் 27, 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வளர்ப்பார்கள். அந்த வெப்பம் குறைந்துவிடாமல் கவனமாகக் காப்பார்கள். அந்தச் சூட்டில் செடி பூக்க நினைக்காது, இலை மட்டும் விடும் என்பதுதான் காரணம். போதிய இலை சேர்ந்து செடி முதிர்ந்ததும் வேறு கூடத்துக்கு மாற்றி, 19, 20 டிகிரியில் சில வாரங்கள் வைப்பார்கள். பூந்தண்டு புறப்பட்டுவிடும். நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடங்களில் இன்று நடப்பது இதுதான். தைவானில் குளிரூட்டிய கூடங்கள் பரவுவதற்கு முன்னால், சமவெளிப் பண்ணைக்காரர்கள் தொட்டிகளை மலைக்கு ஏற்றி அனுப்பினார்கள். தண்டு விட்டதும் கீழே இறக்கிக்கொண்டார்கள். ஒரு செடி பூப்பதற்காக மலையேறி இறங்குகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது, அது எனக்கு வேளாண்மைச் செய்தியாகவே படவில்லை.

சென்னை வீடு ஆண்டின் பெரும்பகுதி அந்த முதல் கூடமாகவே இருக்கிறது. இலை வளர்க்க இதைவிட ஏற்ற இடமில்லை. காற்றில் ஈரம் உண்டு, சூடு உண்டு, செடி செழிக்கிறது. ஆனால் இரண்டாவது கூடத்துக்குப் போகும் கதவுதான் திறப்பதில்லை. ஃபெலனாப்சிஸின் ஒவ்வோர் இலையின் அடியிலும், தண்டை ஒட்டி, உறங்கும் குருத்துகள் இருக்கின்றன. வெப்பம் 28 டிகிரியைத் தாண்டி நிற்கும்வரை அவை உறங்கிக்கொண்டே இருக்கும். சில வாரங்கள் தொடர்ந்து வெப்பம் தணிந்தால், பெரும்பாலும் மேலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது இலையின் அடியில் ஒன்று விழித்துக்கொள்ளும். இலையின் அடியைக் கிழித்துக்கொண்டு ஒரு முனை எட்டிப் பார்க்கும். அது வேரா தண்டா என்று முதல் வாரத்தில் சந்தேகம் வரும். வேரின் முனை உருண்டு மழுங்கியிருக்கும். தண்டின் முனை சற்றே தட்டையாக, கட்டைவிரலைத் தனியே விட்ட கையுறை போல, ஒரு பக்கம் மடிந்திருக்கும். அங்கிருந்து பூ விரிய இன்னும் மூன்று, நான்கு மாதம் ஆகும். பூ இல்லாத செடியிலும் பூ இருக்கிறது, விடுவிக்கப்படாமல் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்தக் கரும்பச்சை இலைகள் வேறு மாதிரித் தெரியும்.

"ராத்திரியெல்லாம் ஏசி ஓடுகிறதே, அந்தக் குளிர் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இரவு குளிர்ந்தால் பூக்கும் என்று தோட்டக்கலைப் புத்தகங்களே நெடுங்காலம் சொல்லிவந்தன. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ பிளாஞ்சார்ட், எரிக் ரங்கில் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புரட்டிப் போட்டது. பகலில் 29 டிகிரியும் இரவில் 17 டிகிரியுமாக வைத்த ஃபெலனாப்சிஸ்கள் தண்டு விடவில்லை. இரவும் பகலும் மாறாமல் 23 டிகிரியில் வைத்தவற்றில் பெரும்பாலானவை தண்டு விட்டன. இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் செடி கணக்கிடவில்லை. பகல் எவ்வளவு சூடு என்பதைத்தான் பார்க்கிறது. சென்னையின் தை மாதத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இரவு 21 டிகிரியளவில் இதமாக இருக்கும், போர்வை தேடும் இரவுகளும் உண்டு. பகல் உச்சம் 29ஐ ஒட்டி நிற்கும். நமக்குக் குளிர்காலம். செடிக்கு இன்னும் கோடை முடியவில்லை. பகலெல்லாம் ஏசி ஓடும் அலுவலகத்தில், ஜன்னலோர வெளிச்சமும் கிடைத்தால், அதே செடி தண்டு விடக்கூடும். படுக்கையறையில் இரவு மட்டும் கிடைக்கும் குளிர் அதற்குச் செய்தியாகப் போய்ச் சேர்வதில்லை.

மாறாக, ஏற்காட்டிலோ பெங்களூரிலோ வராந்தாவில் வைத்த தொட்டி பெரிதாக யாரும் கவனிக்காமலேயே ஆண்டுதோறும் பூக்கிறது. அங்கே இருப்பவர்களுக்குக் கைராசி கூடுதல் என்று நம் ஊரில் சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் செய்ததெல்லாம், ஏற்ற இடத்தில் வாழ்ந்ததுதான்.

தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைக்கிறது. பூவும் மரமும் பறவையும் விலங்கும் அதன்பின் வரும் கருப்பொருள்கள். கவிதை எழுதுவதற்கான இலக்கணமாக மட்டுமே இதைப் படித்துப் பழகியிருக்கிறோம். தொட்டிச் செடி ஒன்றை வைத்துக்கொண்டு படிக்கும்போது, இது வெறும் கவிதை இலக்கணம் இல்லை, உலகை நெடுங்காலம் கண்கொட்டாமல் பார்த்தவர்கள் எழுதிவைத்த வரிசை என்று தோன்றுகிறது. குறிஞ்சிக்கு மலையும் மலை சார்ந்த இடமும் நிலம். கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது. ஐப்பசியிலிருந்து தை வரை. ஜாவாவிலும் போர்னியோவிலும் பிலிப்பைன்ஸிலும் மரக்கிளைகளில் பிறந்த ஃபெலனாப்சிஸைத் தொல்காப்பியர் அறிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்தச் செடி கேட்பது இந்த இரண்டைத்தான். நாம் செடியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நிலத்தையும் பொழுதையும் விட்டுவிட்டு வந்தோம். முதற்பொருள் இல்லாத இடத்தில் கருப்பொருள் எவ்வளவு நலமாக இருந்தும் வாய்திறக்காமல் இருக்கிறது.

பொழுது ஒரு செடிக்கு எவ்வளவு துல்லியமாகப் போய்ச் சேரும் என்பதைப் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூருக்குப் போக வேண்டும். அங்கே சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் புறா ஆர்க்கிட் என்று அழைக்கப்படும் டெண்ட்ரோபியம் குருமெனாட்டம் தொற்றி வளர்ந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் பறக்கும் வெண்புறா போலத் தெரியும் சிறு பூ. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் நம்மூர்க் கணக்கில் அங்கே பருவமே கிடையாது. ஆண்டு முழுக்க ஒரே புழுக்கம். அந்த ஊரில் ஒரு செடி எதைப் பார்த்து நாள் குறிக்கும்? மழையைப் பார்த்து. ஒரு பிற்பகலில் கடும் மழை கொட்டி, காற்றின் வெப்பம் சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கும். அதுவரை பாதி வளர்ந்து நின்றுபோயிருந்த மொட்டுகள் அந்த இறக்கத்தில் மறுபடி வளரத் தொடங்கும். ஒன்பதாம் நாள் காலை, அந்த மழை பெய்த பகுதியில் உள்ள அத்தனை புறா ஆர்க்கிட்களும் ஒன்றாகப் பூத்திருக்கும். சாலை முழுக்க மணக்கும். அன்று மாலைக்குள் பூ வாடத் தொடங்கிவிடும். மறுநாள் ஒன்றும் இருக்காது.

ஒரே நாள் வாழும் பூவுக்கு இந்த ஒற்றுமை உயிர்ப் பிரச்சினை. தன் மகரந்தத்தால் அது காய்ப்பதில்லை. இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேண்டும். இன்று இதுவும் நாளை அதுவுமாகப் பூத்தால் யாருக்கும் காய் இல்லை. ஒன்றோடொன்று பேச வழியில்லாத செடிகள், எல்லோர் மேலும் ஒரே நேரத்தில் பெய்யும் மழையைப் பொதுச் செய்தியாக வைத்துக்கொண்டிருக்கின்றன. இதே செடியை ஒரு சிங்கப்பூர் வீட்டுக்குள் ஜன்னலை மூடி வைத்தால், அதற்கு அந்தச் செய்தி கிடைக்காது. மொட்டு பாதியில் நின்றபடியே இருக்கும். வெளியே தெருவெல்லாம் மணக்கும் அன்று, உள்ளே எல்லா வசதியோடும் இருக்கும் அது மட்டும் பூக்காது. வீடு என்பது வெயிலையும் மழையையும் காற்றையும் வாசலில் நிறுத்துவதற்காக மனிதன் கட்டிக்கொண்டது. பொழுதின் செய்தியையே நம்பி வாழும் உயிருக்கு அந்தச் சுவரால் ஆவது இந்தக் காத்திருப்புத்தான்.

குளிர் மட்டும் போதாமல், வறட்சியையும் கேட்கும் ஆர்க்கிட்கள் உண்டு. சிக்கிமின் மாநில மலரான டெண்ட்ரோபியம் நோபிலே இமயமலை அடிவாரத்துச் செடி. மழைக்காலத்தில் கரும்புக்கணு போன்ற தண்டுகளை வேகமாக வளர்த்துக்கொள்ளும். மழை ஓய்ந்ததும் காடு காய்ந்து குளிரும். அப்போது செடி இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டுப் பட்டுப்போனது போல நிற்கும். பார்ப்பவர் மனம் பொறுக்காது. அந்தச் சமயத்தில் இரக்கப்பட்டுத் தண்ணீரும் உரமும் கொடுத்தால், வசந்தத்தில் பூ வரவேண்டிய கணுக்களிலிருந்து சிறுசிறு கன்றுகள் முளைக்கும். செடிக்கு ஒரு தீங்கும் இல்லை. பசுமையாக, பெருகி, குடும்பமாக நிற்கும். பூ மட்டும் வராது. கையைக் கட்டிக்கொண்டு அந்த வறண்ட வாரங்களைக் கடக்க விட்டவருக்கு, இலையில்லாத தண்டின் கணுதோறும் இரண்டு மூன்றாக ஊதாவும் வெள்ளையும் கலந்து பூக்கும். நோபிலே வளர்ப்பவர்களுக்கு மிகக் கடினமான வேலை நீர் ஊற்றாமல் இருப்பதுதான். அன்பு காட்டுவதற்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியாத நமக்கு இது எளிதில் பழகுவதில்லை.

அளவுக்கு மீறிக் கொடுக்கும் இதே போன்ற பிழையை, சூட்டை அள்ளிக் கொட்டும் பிழையை, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்து செய்தது. வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை என்பதால் எல்லா ஆர்க்கிட்களையும் கொதிக்கும் சூட்டிலும் நீராவியிலும் காற்றோட்டமில்லாத கண்ணாடி அறைகளில் அடைத்தார்கள். ஆண்டீஸ் மலையின் மேகக்காடுகளில் குளிரில் வாழ்ந்த ஓடன்டோகிளாஸம் போன்றவை ஆயிரக்கணக்கில் வெந்து மடிந்தன. சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அவற்றின் சொந்த ஊருக்கேற்ற வெப்பத்தில் செடிகளைத் தனித்தனி அறைகளில் பிரித்துவைத்த பிறகே நிலைமை மாறியது. வெப்பமண்டலம் என்று ஒரே பெயரில் சுருட்டிவிட்ட பரப்புக்குள் எத்தனை நிலங்கள், எத்தனை பொழுதுகள் இருக்கின்றன என்பதைச் செடிகள் செத்துச் செத்துக் கற்றுக்கொடுத்தன.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. நம் கண் இந்த விஷயத்தில் நம்பத்தகாத சாட்சி. வரவேற்பறையும் பால்கனியும் நமக்குக் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சமாகத் தெரிகின்றன. அளந்து பார்த்தால் நண்பகலில் மொட்டைமாடியில் ஒரு லட்சம் லக்ஸ். அறையின் நடுவே சில நூறு லக்ஸ். குறைந்த வெளிச்சத்தில் வாழத் தெரிந்த ஃபெலனாப்சிஸுக்கே பத்தாயிரம் லக்ஸ் அளவுக்கு வேண்டும். டெண்ட்ரோபியத்துக்கும் வாண்டா என்ற ஆர்க்கிட்டுக்கும் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. போதிய ஒளி கிடைக்காத ஆர்க்கிட் உடனே வாடுவதில்லை. இலையை அகலமாக்கி, பச்சையத்தைக் கூட்டி, கிடைத்ததை வைத்துக் குடும்பம் நடத்தும். நாம் பார்த்துப் பூரிக்கும் அந்தக் கரும்பச்சை பல சமயம் ஒளிப்பஞ்சத்தின் நிறம். பூக்கத் தயாராக இருக்கும் செடியின் இலை சற்று மஞ்சள் கலந்த இளம்பச்சையாக இருக்கும். சில வகைகளில் விளிம்பில் லேசாகச் செம்மை ஓடும். நாம் அதைப் பார்த்து "வெயில் பட்டு வெளுத்துப்போச்சு" என்று உள்ளே எடுத்து வைப்போம்.

எங்கள் பகுதியில் நான் வழக்கமாகப் போகும் நர்சரிக்காரர் இதையெல்லாம் எண்களில்லாமல் அறிந்தவர். வெள்ளைப் பூக்களோடு நிற்கும் ஃபெலனாப்சிஸை யாராவது கையில் எடுத்தால், விற்பனை போனாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுவார்: "மேடம், இது குளிர் ஊர்ச் செடி மேடம். இந்தப் பூவோட சரி. நம்மூருக்கு டெண்ட்ரோபியம் எடுத்துட்டுப் போங்க, மொட்டைமாடியில பச்சை வலைக்குக் கீழே கட்டித் தொங்க விடுங்க, அது பாட்டுக்குப் பூக்கும்." அவர் சொல்லும் டெண்ட்ரோபியம் தாய்லாந்தில் வெட்டுப்பூவுக்காகப் பெருக்கிய கலப்பினம். அதன் முன்னோர்களில் முக்கியமானது ஆஸ்திரேலியாவின் வடகோடியில், குயின்ஸ்லாந்தில், மழைக்காலமும் நீண்ட வறண்ட காலமும் மாறிமாறி வரும் வெப்பக்காட்டில் வளரும் டெண்ட்ரோபியம் பிகிப்பம். அந்த மாநிலத்தின் மலர்ச்சின்னமும் அதுவே. கடலுக்கு அப்பால் இருக்கும் அந்த நிலத்தின் பொழுதும் நம் சோழமண்டலக் கரையின் பொழுதும் உறவுமுறை சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஒத்தவை. அதனால்தான் சென்னையில் தேங்காய் மட்டையும் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் நிரப்பிய துளைத்தொட்டியில், பாதி நிழலில், அது சொந்த ஊரில் இருப்பதுபோல நடந்துகொள்கிறது.

சொந்த ஊர் என்று சொல்லும்போது, உண்மையிலேயே சொந்த ஊர்க்காரியான வாண்டா டெஸ்ஸெலேட்டாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வில்லியம் ராக்ஸ்பர்க் 1795இல் கோரமண்டல் கரையின் தாவரங்களைப் பற்றிய தன் நூலில் இதை விவரித்தார். சமவெளி மரங்களிலும் மலையடிவாரக் காடுகளிலும் காய்ந்த கிளையைக் கயிறு போன்ற வேர்களால் பற்றிக்கொண்டு நிற்கும். சித்திரை வெயிலைத் தாங்கும். மஞ்சளும் பழுப்பும் கலந்த இதழ்களில் வலை பின்னியது போன்ற கோடுகள், நடுவே நீலமும் ஊதாவுமான உதடு, மெல்லிய மணம். இதன் வேரைச் சற்று நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். வெளிப்புறத்தில் இறந்த செல்களால் ஆன வெண்மையான உறை ஒன்று உண்டு. மழைத்துளி பட்ட மாத்திரத்தில் அது நீரை உறிஞ்சிக்கொண்டு பச்சையாகிவிடும். மண்ணே தொடாமல், பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து இரவில் திறந்து மூச்சுவிட்டு, அந்தச் செடி நம் கோடையைக் கடக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் காப்பகத்துக்குப் போனால், தென்னாட்டுக் காடுகளின் ஆர்க்கிட்கள் எத்தனை விதமானவை என்று பார்க்கலாம். பெரும்பாலானவை கடைப் பூவைப் போல உரக்கப் பேசாதவை. குனிந்து, நெருங்கிப் பார்க்கக் கேட்பவை. காட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து யார் விற்றாலும் வாங்கக் கூடாது. மரமும் அதன் பட்டையில் வாழும் பூஞ்சையும் இல்லாமல் காட்டில் அவற்றின் விதை முளைக்காது. அங்கே ஒன்று குறைந்தால் அது திரும்ப வர மிகுந்த காலம் ஆகும். வளர்ப்பகத்தில் பெருக்கியது கிடைத்தால் வளர்க்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், சென்னையில் ஃபெலனாப்சிஸ் வளர்க்கவே கூடாது என்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. கார்த்திகை பிறந்ததும் செடியை வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த ஜன்னலருகே, காற்று தொடர்ந்து புகும் இடத்துக்கு மாற்றலாம். அடைமழைக் காலத்தில் மேகம் மூடி, பகல் 25, 26 டிகிரியைத் தாண்டாத நாட்கள் தொடர்ந்து வரும். அந்த நாட்களில் செடி அதை உணரும்படி வெளியே இருக்க வேண்டும். பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் அதையே ஊற்ற வேண்டும். உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீர் வேர்முனைகளைக் கருக்கிவிடும். உரத்தைக் குறைக்கலாம். சில ஆண்டுகளில் மழை நீண்டு, மார்கழியில் ஒரு தண்டு எட்டிப் பார்க்கும். எல்லா ஆண்டும் இல்லை. மொட்டுகள் பருத்துவரும் நாட்களில் செடிக்கு அருகே வாழைத்தாரோ பழுத்த மாம்பழக் கூடையோ வைக்கக் கூடாது. பழுக்கும் கனி வெளிவிடும் எத்திலீன் வாயு மொட்டுகளை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். சாம்பிராணிப் புகையிலும் அதே வாயு உண்டு. பூசையறைப் பக்கம் வைத்த செடியில் மொட்டு கொட்டிவிட்டது என்று திருஷ்டி கழிக்கிறார்கள். தொட்டியைப் பத்தடி தள்ளி வைத்தால் போதும்.

பூத்துவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும் என்பது இந்தச் செடியின் பெரிய பெருமையாகச் சொல்லப்படுகிறது. அதன் காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தப் பூவை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. காட்டில் மகரந்தம் வந்து சேர்ந்த பூ இரண்டொரு நாளில் சுருங்கி, காயாகத் திரளத் தொடங்கிவிடும். வராத பூதான் விரிந்தே இருக்கும். நம் வரவேற்பறையில் மூன்று மாதம் மலர்ந்து நிற்பது, வரவேண்டியது வராததால் மலர்ந்து நிற்கிறது. இலைகள் பல மாதம் சேர்த்துவைத்ததை எடுத்துச் செலவழித்து, மின்விசிறிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில், அது தன் வண்டுக்கும் தேனீக்கும் வாசல் திறந்து வைத்திருக்கிறது. பூவை நாம் வீட்டுக்கு அழகு என்று சொல்கிறோம். செடிக்கு அது ஒரு பெரும் செலவு, ஒரு துணிவு. தகுந்த பொழுது வந்துவிட்டது என்று உறுதியாகத் தெரியாமல் அது ஏன் அந்தச் செலவில் இறங்குவதில்லை என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

பூ உதிர்ந்ததும் தண்டை அடியோடு வெட்ட வேண்டாம். பச்சையாக இருந்தால் கீழிருந்து இரண்டு மூன்று கணு விட்டு வெட்டலாம்; குளிர்ந்த ஊரில் அந்தக் கணுவிலிருந்து பக்கக்கிளை விட்டு மறுபடி பூக்கும். சென்னையில் அதற்குள் கோடை வந்துவிடும். சூடு ஏறியதும் அந்தக் கணு மனம் மாறி, பூவுக்குப் பதில் இரண்டு சிறு இலைகளை விடும். தாயின் உருவத்தை அப்படியே கொண்ட கன்று. அதன் அடியில் வேர் வந்து இரண்டு மூன்று அங்குலம் நீளும் வரை பிரிக்கக் கூடாது. அதுவரை தாய்தான் அதற்கு நீர் தருகிறது. பிறகு தண்டோடு சேர்த்து வெட்டி, ஈரப்பாசி சுற்றி, சின்னத் தொட்டியில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். பூக்கும் பருவத்தை எட்ட இரண்டு மூன்று ஆண்டு ஆகும். இப்படி வரும் கன்றுகளை நான் குன்னூரிலும் பெங்களூரிலும் இருக்கும் உறவினர்களிடம் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். அங்கே அவை பூக்கின்றன. தாய்ச்செடி இங்கே, வாண்டாக்களுக்குக் கீழே நிழலில் இருக்கிறது. இந்த ஆனியில் ஒரு புது இலை விட்டிருக்கிறது.